வேர்க் கோப்பமைப்பும் எல்லைப்புறப் பள்ளிகளும்

1956 நவம்பர் 1ஆம் நாள் இராஜ்யங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு வட்டம் சென்னை இராஜ்யத்தைச் சார்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே தொலைவு சிறிது; தமிழ் பேசும் குடும்பங்களோ இருபுறமும் உள்ளன. அப்பிள்ளைகளின் கணிப்பொறிக் கல்வியிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனத்தின் குனு/லினக்ஸ் வழங்குகிறது. தமிழகத்தில் 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் கருவிகளில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது.

இத்தகைய இயங்குதளம் ஓரிடத்தில் சமைக்கப்பட்டுப் பல்லாயிரம் யந்திரங்களுக்குச் செல்கிறது. சமைக்கும் இடத்தில் நிபுணர் உள்ளனர். கிராமப் பள்ளியிலோ, கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரே கணிப்பொறியையும் கவனிக்க நேரும். ஆதலின் வேர்க் கோப்பமைப்பை உண்டாக்கும் கட்டளையின் விருப்பங்களைச் சமைப்பவருடைய யந்திரத்தின் இயல்புக்கு விட்டுவிடலாகாது. பெறும் யந்திரத்தை நோக்கி, ஒவ்வொன்றையும் வெளிப்படையாக எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மேற்கூறிய இரு அமைப்புகளையும் குறைகூறுவதன்று என் நோக்கம். பழைய யந்திரங்களுக்காகத் தாமே வட்டுப் படிவம் ஆக்கும் தொழில்நுட்பரையும் தன்னார்வலரையும் கருதியே இதனை எழுதுகிறேன்.

ஓர் உதாரணம் காண்போம். எக்ஸ்ட்-4 கோப்பமைப்புக்குரிய கருவித்தொகுதியின் 1.47.0ஆம் பதிப்பு 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. அது ‘ஆர்ஃபன் ஃபைல்’ என்னும் புதிய அம்சத்தை, கேளாமலேயே சேர்க்கும் வழக்கத்தைத் தொடங்கியது. உபுண்டு 22.04இல் உள்ளதோ 1.46.5ஆம் பதிப்பு. புதிய கருவியால் கோப்பமைப்பை உண்டாக்கி, அதனுள் 22.04ஐ நிறுவினால், கெர்னல் அதனை ஏற்றுக்கொள்ளும். ஆனால் துவக்கத்தின்போது சோதிக்கும் கருவி, இவ்வம்சத்தைத் தான் அறியேன் என்று மறுத்துவிடும். மாணவர் முன் நிற்பது வெறும் கருந்திரை. வட்டில் பழுதில்லை, கோப்பிலும் பழுதில்லை. இவ்வாபத்தை உணர்ந்தே டெபியன் 12இல் அவ்வம்சம் இயல்பாகச் சேராதபடி நிறுத்தப்பட்டது.

ஐநோடு எண்ணிக்கையும் இவ்வாறே முதலில் தீர்மானிக்கப்படுவது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு தேவை. இயல்பான விகிதம் 16,384 பைட்டுக்கு ஒன்று. 10 கிகாபைட் பிரிவில் 6,55,360 கிடைக்கும். பெருங்கோப்புகளுக்கென உள்ள விகிதத்தை ஒருவர் இடமிச்சம் கருதித் தேர்ந்தால் 10,240 மட்டுமே எஞ்சும். வேர்க் கோப்பமைப்பு சிறு கோப்புகளின் களஞ்சியம் அன்றோ! வட்டில் இடமிருந்தும் நிறுவல் பாதியில் நின்றுவிடும். பிரிவையே விரித்தாலன்றி இவ்வெண்ணிக்கையைப் பின்னர் உயர்த்த இயலாது.

ஐநோடின் அளவு 256 பைட்டாக இருத்தல் நலம். 128 பைட்டாயின் 2038 ஜனவரிக்குப் பிற்பட்ட காலத்தைக் குறிக்க இடமில்லை. பள்ளிக் கணிப்பொறிகள் நீண்ட ஆயுள் உடையவை.

நிர்வாகிக்கென ஒதுக்கும் 5 விழுக்காட்டைப் பற்றிக் கவலை வேண்டா. 10 கிகாபைட்டில் அது 512 மெகாபைட். வேர்ப் பிரிவில் அதனை விட்டுவைக்கலாம். மாணவர் கோப்புகளுக்கான பிரிவில் குறைக்கலாம். எப்பொழுது வேண்டினும் மாற்றிக்கொள்ளத்தக்கதே. எந்த விருப்பத்தாலும் மாறாத வரம்பு ஒன்றுண்டு: கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மிகலாகாது. யுனிகோடு தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால் 85 குறிகளே அடங்கும். மலையாளத்திற்கும் இதே கணக்குத்தான்.

படிவத்தை அனுப்புமுன், பெறும் யந்திரங்களுள் மிகப் பழையதன் சோதனைக் கருவியாலேயே அதனை ஒருமுறை சோதித்தல் வேண்டும். தேர்ந்த விருப்பங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு கோப்பில் எழுதி வேர் அடைவிலேயே வைத்துவிட்டால், பிற்காலத்தில் அதனைத் திறக்கும் ஆசிரியர் எவரையும் தேடியலைய நேராது.