லீவு கேட்பது பிச்சை கேட்பதா?

சென்ற வாரம் ஓய்வூதியர் கூட்டத்தில் ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார்: "முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல நான் லீவே போட்டதில்லை சார்!" எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. காரணத்தை அங்கே சொன்னால் மனஸ்தாபம் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஆபீஸை விட்டுப் போவதால் 'லீவு' என்று பெயர் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆங்கிலத்தில் 'விட்டுப் போ' என்னும் 'லீவ்' வேறு, நாம் எழுதிக் கொடுக்கிற 'லீவ்' வேறு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, வேர்கள் இரண்டு. நம்முடைய லீவுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'அனுமதி' என்று பொருள். நம் அப்பா காலத்தில் 'ரஜா' என்பார்களே, அது அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல். அதற்கும் 'சம்மதம்' என்றுதான் பொருள். தெலுங்கர்கள் சொல்லும் 'செலவு'ம் அனுமதிதான். ஆக, மூன்று சொல்லுக்குள்ளும் ஓர் எஜமான் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையசைத்தால்தான் நாம் நகரலாம்.

தமிழில் 'விடுப்பு' என்கிறோம். விடு என்பதிலிருந்து வந்தது. விடுவதற்கும் ஒருவர் வேண்டுமே என்பீர்கள். சரி. ஆனால் 'ஈட்டிய விடுப்பு' என்று பெயர் வைத்தது யார்? அரசாங்கம்தானே! ஈட்டியது என்றால் உழைத்துச் சம்பாதித்தது. சம்பாதித்த பொருளை 'அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று எழுதி வாங்குகிறோம். சம்பளத்தை யாராவது அப்படி எழுதி வாங்குகிறோமா?

இதற்கெல்லாம் அடி, 1922 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள். விதி 67 சொல்வது இதுதான்: விடுப்பை உரிமையாகக் கோர முடியாது; பணியின் அவசியம் கருதி மறுக்கலாம், ரத்தும் செய்யலாம். வெள்ளைக்காரன் போய்விட்டான். விதி போகவில்லை.

அந்த விதியை நானும் பயன்படுத்தியவன்தான். நான் கண்காணிப்பாளராக இருந்தபோது, இளநிலை உதவியாளர் ஒருவர் ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நாலு நாள் லீவு கேட்டார். மார்ச் மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம். "ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு மேல போங்க தம்பி" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மார்ச் 30 அன்று தந்தி வந்தது. கணக்கு சரியாகத்தான் முடிந்தது. அதன்பின் அவர் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசியதில்லை. விதிப்படி என் மேல் தப்பே கிடையாது!

"எல்லாரும் ஒரே நாளில் லீவு போட்டால் ஆபீஸ் எப்படி நடக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒருவர் இல்லாதபோது வேலையை யார் பார்ப்பது என்று திட்டமிடத்தானே மேலதிகாரிக்குக் கூடுதல் சம்பளம்? அன்று பக்கத்து சீட்டுக்காரரும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தால் அந்தக் கணக்கு முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. மறுப்பது சுலபமாக இருந்தது.

தொழிற்சாலைகளுக்கான 1948ஆம் வருஷச் சட்டத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டப்படி, ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷம் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. உழைப்புக்கு ஈடாகக் கணக்குப் போட்டுத் தருகிற பொருள் அது. அதில் தயவுக்கு என்ன வேலை?

லீவே போடாத நண்பருக்கு ஓய்வு பெறும்போது சேர்ந்திருந்த விடுப்புக்குப் பணம் கிடைத்திருக்கும். எனக்கும் கிடைத்தது. போகாத கல்யாணத்துக்கும், பக்கத்தில் இருந்து பார்க்காத பிள்ளையின் காய்ச்சலுக்கும் அந்தப் பணம் ஈடாகுமா? அவர் வீட்டு அம்மாளைக் கேட்டால் தெரியும். அவர் கை தட்டியிருக்க மாட்டார்.

இப்போது வேலையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். தனக்குக் கீழே இருப்பவர் லீவு கேட்டு வந்தால், முதலில் "எத்தனை நாள் வேணும்?" என்று கேட்கட்டும். விதிப் புத்தகத்தைப் பிறகு திறக்கலாம்.