11 டிரா: சென்னையின் எஃப்சி கோட்டை விட்டது கடைசி 10 நிமிடத்திலா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்ததும் மின்சார ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, நடந்தே நேரு ஸ்டேடியம் போய்விடலாம். கொரோனா காலத்து 2020-21 ஐஎஸ்எல் சீசனில் அதற்கும் வழியில்லை. எல்லா ஆட்டமும் கோவாவில்தான். மொபைலில் பார்த்த சென்னை ரசிகர்களுக்குப் பாதிக்கு மேல் கிடைத்தது ஒரே ரிசல்ட்: டிரா.

கணக்கு என்ன சொல்கிறது?

சென்னையின் எஃப்சி ஆடியது 20 ஆட்டம். வெற்றி 3, தோல்வி 6, டிரா 11. மொத்தம் 20 புள்ளி, 8-வது இடம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. அந்த 11-ல் ஆறை மட்டும் வெற்றியாக மாற்றியிருந்தால் 32 புள்ளி. 4-வது இடம் பிடித்து அரையிறுதிக்குப் போன கோவா எடுத்ததே 31 தான்.

லக் இல்லையா, பதற்றமா?

"லக் இல்லப்பா", "கடைசியில பதறிடுறாங்க" என்பதுதான் வழக்கமான புலம்பல். ஆனால் இதே கிளப், 2015 இறுதிப்போட்டியில் 90-வது நிமிடம் வரை 1-2 என பின்தங்கியிருந்து, கோவாவை 3-2 என வீழ்த்தி கோப்பையைத் தூக்கியது. அப்போ பதற்றத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

உண்மையான சிக்கல், கோல். 20 ஆட்டத்தில் அடித்தது வெறும் 17. சராசரி ஒன்றுகூட இல்லை. ஒரே கோல் முன்னிலையை நம்பி ஆடினால், ஒரு கார்னர், ஒரு தவறான பாஸ் போதும், மொத்தமும் கைநழுவும்.

ஏன் இந்த வறட்சி?

முந்தைய சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ், பயிற்சியாளர் ஓவன் கோயலுடன் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். கோல் வாய்ப்புகளை உருவாக்கும் கேப்டன் கிரிவெல்லாரோ சீசன் நடுவிலேயே காயத்தால் விலகினார். அந்த இடங்கள் சரியாக நிரப்பப்படவில்லை. அதே சீசனில் ஹைதராபாத்தும் 11 டிரா செய்தது. ஆனால் அங்கே சந்தானா ஒருவரே 10 கோல் அடித்தார். அணி 6 ஆட்டங்களில் வென்று 5-வது இடம் பிடித்தது.

என்ன செய்யணும்?

நெருக்கமான ஆட்டத்தில் யாருக்கும் அதிர்ஷ்டம் மாறி மாறித்தான் வரும். நல்ல அணி, 60-வது நிமிடத்திலேயே இரண்டாவது கோலை அடித்து, ஆட்டத்தை அந்த நிலைக்கே விடாது. எனவே கடைசி 10 நிமிடத்தைத் திட்டுவதில் பயனில்லை. முதல் 80 நிமிடத்தில் எத்தனை நல்ல வாய்ப்பு உருவானது, அதை முடிக்க ஆள் இருந்தாரா? கிளப்பிடம் ரசிகர்கள் கேட்கவேண்டியது அதைத்தான்.