செல்லாக்காசு எது?

சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பத்து ரூபாய்க் காசை நீட்டினால் "நோட்டா குடுங்க தம்பி" என்ற பதிலைப் பல வருடமாகக் கேட்டுப் பழகிவிட்டோம். பழைய, கனமான ஐந்து ரூபாய் காசு கிடைத்தால் மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். கனமாக இருந்தால் நல்ல காசாம்!

கணக்குப் போடுவோம். 1992-ல் வந்த அந்த ஐந்து ரூபாயின் எடை 9 கிராம். முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். செம்பு கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள 6.75 கிராம் செம்பே 5 ரூபாய் 40 காசு. நிக்கல் விலை தனி. அப்புறம் அது ஏன் கல்லாவில் தங்கும்? உருக்கத்தான் போகும். 2011-ஆம் வருட நாணயச் சட்டப்படி காசை உருக்கினால் ஏழு வருடம் வரை சிறை. ஆனாலும் சட்டத்தைவிட லாபத்துக்கு வேகம் அதிகம். எவர்சில்வர் காசுகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவிலும் இதே கதை. ஒரு சென்ட் காசில் 95 சதவீதம் இருந்த செம்பை 1982-ல் கைவிட்டு, துத்தநாகத்துக்கு மாறினார்கள். அப்படியும் 2024-ல் ஒரு சென்ட் அடிக்க 3.69 சென்ட் ஆனது. 2025 நவம்பரில் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நம் ஒரு ரூபாயை அடிக்க 1 ரூபாய் 11 காசு ஆகிறது என்று 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம் தெரிய வந்தது. உடனே "நஷ்டம், நிறுத்து" என்றார்கள் சிலர். பி.காம். முதல் வருடப் பாடத்தை மறந்துவிட்டார்கள் போலும். காசு அன்றாடச் செலவு இல்லை, சொத்து. ஒருமுறை அடித்தால் இருபது வருடம் கை மாறும். அந்த 11 காசை ஆயிரக்கணக்கான கை மாற்றங்களுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லை.

ஆக, காசு நஷ்டமாவது அடிக்கும்போது அல்ல, சுற்றாமல் நிற்கும்போது. உருக்குகிறவர் அதை நிறுத்துகிறார். வாங்க மறுக்கிறவரும் அதையேதான் செய்கிறார். பத்து ரூபாயில் 14 வடிவங்கள் உண்டு, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ரூபாய்க் குறி இல்லாததும் செல்லும்.

"ஜிபே இருக்கும்போது காசு எதுக்கு?" என்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. தெப்பக்குளம் ஓரம் பூ விற்கிற அம்மா நாள் முழுக்கச் சேர்த்த பத்து ரூபாய்க் காசுகளை மளிகைக் கடையில் வாங்காவிட்டால், அவருடைய அன்றைய கூலியே செல்லாக்காசு. மதிப்பு இறங்குவது உலோகத்துக்கு இல்லை, அவர் உழைப்புக்கு.

அதனால் நண்பர்களே, அடுத்த முறை மிச்சம் தரும்போது யாராவது பத்து ரூபாய்க் காசை நீட்டினால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிச் செலவு செய்யும்போது கடைக்காரர் மறுத்தால், ரிசர்வ் வங்கி சொன்னதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். நாம் வாங்கினால்தான் அது காசு.