இலையில் கொட்டுவதற்கு முன்னாடி கேளுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையை அடித்துப் போட்டதிலிருந்து எங்கள் கோயில் வாட்சாப் குழுவில் ஒரே பேச்சு: "நம்ம சனம் அங்க மண்ணுக்குள்ள போயிருச்சு, நாம ஏதாவது அனுப்பணும்." நியாயமான பேச்சுதான். பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளில் தவித்தவர்களில் தேயிலைத் தோட்டத்து மக்களும் உண்டு. நம்ம தாத்தா பாட்டி பால்மரம் வெட்ட ஒரு கப்பலில் ஏறினார்கள், அவர்களுடைய தாத்தா பாட்டி தோட்ட வேலைக்கு இன்னொரு கப்பலில் ஏறினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் இரண்டே நாளில் கோயில் மண்டபத்தில் வந்து குவிந்தது என்ன தெரியுமா? பழைய துணி. கிழிந்த சட்டை, ஜிப் போன பள்ளிப் பை, ஒற்றைச் செருப்பு. மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தோம். இப்போது கன்டெய்னர் எடுத்து அனுப்பிடலாம் என்கிறார்கள். எந்த ஊருக்கு, யார் இறக்குவார்கள், யார் பங்கு போடுவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் வேண்டாம் என்கிறேன்.

இந்தத் தப்பு புதுசு இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி சாலையோரமாகக் குவிந்து கிடந்தது. மீனவர்களுக்கு வேண்டியது படகும் வலையும். கடைசியில் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்து, எந்தக் கிராமத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டி வந்தது.

நாடுகளுக்கும் இதே கதைதான். சுனாமி நடந்த மூன்றாம் நாள் அமெரிக்கா, ஜப்பான், இந்தியா, ஆஸ்திரேலியா நாலும் சேர்ந்து உதவியை ஒருங்கிணைப்போம் என்று அறிவித்தன. 2005 ஜனவரி 6-ஆம் தேதி ஜகார்த்தா கூட்டத்தோடு அந்தக் குழுவைக் கலைத்து, பொறுப்பை ஐ.நா.விடம் ஒப்படைத்தார்கள். கப்பலும் விமானமும் வைத்திருந்த பெரிய நாடுகளே ஒரே தலைமைக்குக் கீழ் வந்தன. நம்ம ஆசியானும் 2011-இல் ஜகார்த்தாவில் ஒரு பேரிடர் உதவி மையத்தைத் திறந்தது, அதன் நிவாரணப் பொருள் கிடங்கு நம்ம சுபாங்கில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை விதி ஒன்று: பாதிக்கப்பட்ட நாடு கேட்டு, சம்மதித்த பிறகுதான் வெளியார் உதவி உள்ளே போகும். நம்ம ஊர் டெரண்டாக் முகாமில் இருக்கும் வீரர்கள்கூட டிவியில் செய்தி பார்த்ததும் விமானம் ஏறிப் போய்விட முடியாது.

"கேட்டுக்கிட்டே இருந்தா பசியில இருக்கிறவன் என்ன ஆவான்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. டிட்வா நேரத்தில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் ஏற்கனவே கொழும்பில் நின்றதால் உடனே பொருளை இறக்கிக் கொடுத்தன, ஹெலிகாப்டர்களும் மீட்புக்குப் பறந்தன. அந்த வேகம் இரண்டு அரசுகளும் முன்கூட்டியே பேசிப் பழகியிருந்ததால் வந்தது. கேட்காமல் போனதால் வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஒரே பட்டியல் என்றால் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவன் கதி என்ன? 2005 ஜூனில் இலங்கை அரசும் புலிகளும் சுனாமி உதவியைப் பங்கிட ஒரு பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. அது கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. லயத்தில் இருக்கிற பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டுப் பத்திரமும் கிடையாது. "வீடு போச்சு" என்று நிரூபிக்கக் காகிதம் இல்லாதவன் பட்டியலில் விழுந்துபோவது சுலபம். நம்ம கவனம் அங்கேதான் போகணும்.

அதனால் என் யோசனை இதுதான். துணி வாங்குவதை இன்றோடு நிறுத்துவோம். பணமாக வாங்குவோம், ரசீது கொடுப்போம், கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுவோம். மெலாக்காவில் மற்ற கோயில்களோடு பேசி ஒரே தொகையாகச் சேர்ப்போம். இலங்கைத் தூதரகத்திடம் என்ன வேண்டும் என்று கேட்போம். கூடவே மலையகத்தில் தோட்டத்து மக்களோடு வேலை செய்கிற ஓர் அமைப்பைப் பிடித்து, பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் எத்தனை என்று கேட்போம். நம்ம ரிங்கிட் முதலில் அவர்களுக்குப் போகட்டும்.

அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் "சோறா, ரசமா" என்று கேட்டுத்தானே பரிமாறுகிறோம்? கேட்காமல் இலையில் கொட்டினால் அது வீணாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்திலும் இதையேதான் சொல்லப் போகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் நேரில் வந்து பேசுங்க.