ஆணையும் வாக்கும்

அக்காள் மகள் ஐயர் இல்லாமல் திருமணம் செய்துகொள்ளப் போகிறாளாம். அக்கா மூன்று நாளாக என்னோடும் பேசவில்லை. அவளுக்குப் பெரியார் புத்தகம் கொடுத்தது நான்தானே!

எனக்கு 1967 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு அல்பேனியாவில் என்வர் ஹோஜாவின் ஒரு கட்சி ஆட்சி பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடியது. நாத்திகம் அங்கே அரசாணை. 1990இல் தடை நீங்கியதும் மக்கள் மீண்டும் வழிபடக் கூடினார்கள்.

அதே 1967இல், தேர்தலில் வென்ற அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன திருமணம் அது. செல்லாது என்றால் பாதிக்கப்படுவது மனைவியும் பிள்ளைகளும்தான். புரோகிதரை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, விருப்பத்துக்கு விட்டது.

மக்களாட்சி மெதுவாகத்தான் நடக்கும். 1929 செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குக் கேட்ட சமச் சொத்துரிமை, தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமானது. இடைப்பட்ட 60 ஆண்டும் பேசிப் பேசியே மனம் மாற்ற வேண்டியிருந்தது.

“தடுத்தால் அடங்கிப் போவாள், மனம் மாறமாட்டாள். பேசிப் பாரேன் அக்கா” என்றேன்.

நேற்று இருவரும் பேசினார்களாம். தாலி உண்டா இல்லையா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.