சித்தன்னவாசலோடு ஏன் திரும்பிவிடுகிறோம்? புதுக்கோட்டைக்குத் தேவை ஒரு பேருந்தும் ஒரு சீட்டும்

"புதுக்கோட்டையில பார்க்க என்னங்க இருக்கு?" என்று திருச்சியிலோ மதுரையிலோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சித்தன்னவாசல் இருக்கு. ஒரு மணி நேரம் போதும்."

அப்படித்தான் நடக்கிறது. காரில் வருகிறார்கள். குகைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பூங்காவில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் விளையாட விடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சி திரும்பிவிடுகிறார்கள். அன்றைக்கு மாவட்டத்துக்குக் கிடைத்தது நுழைவுச் சீட்டுக் காசும், நாலு இளநீர் விற்ற காசும்தான்.

இதில் பயணிகளைக் குறை சொல்ல முடியாது. அடுத்து எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஒரு ஏற்பாடும் இல்லை. நம்முடைய சிக்கலே அதுதான் என்பது என் கருத்து.

அந்த ஒரு மணி நேரத்தில் தவறவிடுவது என்ன?

முதலில் சித்தன்னவாசலையே முழுசாகப் பார்ப்பதில்லை. அறிவர் கோயில் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளம் 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். பூப்பறிக்கும் ஆட்கள், மீன், வாத்து, எருமை, யானை என்று குளமே உயிரோடு இருக்கும். அதே மலையின் மேல்பகுதியில் ஏழடிப்பட்டம் இருக்கிறது. சமணத் துறவிகளுக்காக வெட்டிய 17 கல் படுக்கைகள், அவற்றில் ஒன்றில் சுமார் 2,000 ஆண்டு பழமையான தமிழி எழுத்து. ஓவியம் பார்த்துவிட்டுத் திரும்புகிற பலர் அங்கே ஏறுவதே இல்லை.

பக்கத்திலேயே குடுமியான்மலை. அங்கே பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 38 வரிகள், ஏழு பகுதிகள், கிரந்த எழுத்து. பாடலின் சொற்கள் அதில் இல்லை. சுரங்களை மட்டுமே கொத்தி வைத்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. இசை படிக்கிற பிள்ளைகள் ஒருமுறையாவது அதன் முன்னால் நிற்க வேண்டாமா?

திருச்சி சாலையில் நார்த்தாமலை. பாறைமேல் ஏறினால் விஜயாலய சோழீச்சரம். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் முந்தைய கட்டடம் அது. எதிரே குடைவரையில் ஆளுயரத்தில் 12 திருமால் சிற்பங்கள். ஆனால் அந்தக் குகைக்கு ஊர் வழக்கில் பெயர் 'சமணர் குடகு'. பெயர் ஒரு சமயத்தையும் சிற்பம் இன்னொரு சமயத்தையும் சொல்கிறது.

காரைக்குடி சாலையில் திருமயம் கோட்டை. அடிவாரத்தில் பெருமாளுக்கும் சிவனுக்கும் அடுத்தடுத்து குடைவரைக் கோயில்கள். விராலிமலைப் பக்கம் கொடும்பாளூர் மூவர் கோயில்; மூன்றில் இரண்டுதான் மிச்சம். அறந்தாங்கி பக்கம் ஆவுடையார்கோயில். மரச்சட்டம்போலக் கல்லை இழைத்த கூரை. நகருக்குள்ளேயே திருக்கோகர்ணத்தில் 1910-ல் சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம். ஒரு நாளில் முடிகிற கதையா இது?

சால்ஸ்பர்க் என்ன செய்தது?

ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சால்ஸ்பர்க் பெரிய நகரமெல்லாம் இல்லை. மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகரின் மக்கள்தொகை சுமார் 1.17 லட்சம். அங்கேயும் குன்றின்மேல் ஒரு கோட்டை, கீழே பழைய கோயில்கள், அருங்காட்சியகங்கள், இசைப் பெருமை. மொசார்ட் 1756-ல் பிறந்த வீட்டைப் பார்க்க உலகமே வருகிறது. நம் குடுமியான்மலை சுரங்கள் அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவை.

அப்புறம் என்ன வித்தியாசம்? அங்கே ஒரு அட்டை விற்கிறார்கள். 24, 48 அல்லது 72 மணி நேரத்துக்குச் செல்லும். அந்த ஒரே அட்டையில் கோட்டை, அருங்காட்சியகங்கள், மொசார்ட் வீடு எல்லாவற்றுக்கும் நுழையலாம். நகரப் பேருந்திலும் ஏறலாம். ஆல்ப்ஸின் இன்னொரு பழைய நகரமான இன்ஸ்ப்ரூக்கிலும் இதே ஏற்பாடுதான். அட்டை கையில் இருந்தால், "காசு கொடுத்தாச்சு, அதையும் பார்த்துட்டே போவோமே" என்று யாருக்கும் தோன்றும். ஒரு மணி நேரம் இரண்டு நாளாக நீள்வது இப்படித்தான்.

நமக்கு எது தடை?

நம் இடங்கள் ஒரே நகருக்குள் இல்லை. நாலு திசையில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் பேருந்து நமக்குத்தான் அவர்களைவிட அதிகம் தேவை. ஆனால் நம் பேருந்துகள் ஊரையும் சந்தையையும் இணைப்பதற்காக ஓடுகின்றன. சித்தன்னவாசலிலிருந்து நார்த்தாமலை போக வேண்டுமானால், கார் இல்லாதவர் பேருந்து மாறி மாறிக் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது நேரக் கணக்கு. குகைகளும் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையிடம்; பகல் முழுக்கப் பார்க்கலாம். வழிபாடு நடக்கும் கோயில்கள் அறநிலையத் துறையிடம்; உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள். அருங்காட்சியகம் மாநில அரசிடம்; வெள்ளிக்கிழமை விடுமுறை. மூன்று துறையின் நேரத்தையும் சேர்த்து ஒரே பலகையில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கூட்டம் வந்தால் ஓவியம் கெடாதா?

நியாயமான பயம். சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய ஓவியம் அது. ஏற்கெனவே நிறைய அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பதைக் கூட்டத்தின் மூச்சுக்காற்றும் கையும் கெடுத்துவிடக் கூடாது.

ஆனால் இப்போது நடப்பது என்ன? மொத்தக் கூட்டமும் ஒரே இடத்தில்தான் இறங்குகிறது. ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று சீட்டில் நேரம் போட்டு உள்ளே விடலாம். மற்றவர்கள் அதுவரை ஏழடிப்பட்டம் ஏறட்டும், குடுமியான்மலை போகட்டும். பாரத்தை ஏழெட்டு இடத்துக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் ஓவியத்துக்குப் பாதுகாப்பு.

ஆளே வராத மலைக்கு என்ன ஆகும்?

என் பெரிய பயம் கூட்டத்தைப் பற்றியதல்ல. நார்த்தாமலை வட்டாரத்தில் கல்குவாரிகள் பல காலமாக இயங்குகின்றன. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி; அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அதையும் தாண்டியிருக்கும் பாறையை இந்தச் சட்டம் காக்காது. அங்கே படுக்கையோ எழுத்தோ இருக்கிறதா என்று பார்க்க ஆள் வந்தால்தான் அது வரலாறு. வராவிட்டால் ஜல்லி.

குவாரியில் கூலி வாங்குகிறவரிடம் "மலையைக் காப்பாத்துங்க" என்று சொல்வது எளிது. அவர் வீட்டுப் பிள்ளைக்கு அதே மலை வேறு வழியில் சோறு போட வேண்டும் அல்லவா? வழிகாட்டி, தங்கும் அறை, சாப்பாட்டுக் கடை, ஆட்டோ எல்லாம் அதற்குத்தான்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். சனி, ஞாயிறு மட்டும் அரசுப் பேருந்து ஒன்று புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து புறப்படட்டும். வெயில் ஏறுவதற்கு முன் நார்த்தாமலை, பிறகு சித்தன்னவாசல், உச்சி வெயிலில் நகருக்குத் திரும்பிச் சாப்பாடு, அருங்காட்சியகம், நடை திறந்ததும் திருமயம். மறுநாள் குடுமியான்மலை, கொடும்பாளூர். எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. ஒவ்வொரு ஊரிலும் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் இருவர். கல்வெட்டு என்ன சொல்கிறது என்று எளிய தமிழில் ஒரு பலகை. ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ஆள் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடலாம், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

விஜயாலய சோழீச்சரத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. செம்பூதி என்பவர் கட்டிய கோயில் மழையில் சிதைந்தது, அதை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்கிறது அது. சிதைந்ததைப் போய்ப் பார்த்த ஒருவர் இருந்ததால்தான், ஆயிரம் ஆண்டு கழித்து நாமும் அந்தப் பாறைமேல் ஏறிப் பார்க்க முடிகிறது.