கேள்வித்தாளிலேயே குறைக்கப்படும் வறுமை

புள்ளிவிவரம் வானத்திலிருந்து விழுவதில்லை. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை முடிவு செய்வோரின் வர்க்கப் பார்வை கேள்வித்தாளிலேயே குடியேறிவிடுகிறது. நம் நாட்டில் வறுமை அளக்கப்பட்ட வரலாறே இதற்குச் சான்று.

1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு, கிராமத்தில் 2400, நகரத்தில் 2100 கலோரி உணவை அடிப்படையாக்கி வறுமைக் கோட்டை வகுத்தது. அதன்பின் விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு தொகை மட்டுமே உயர்த்தப்பட்டது. அந்தத் தொகைக்கு அதே கலோரி கிடைக்கிறதா என்பது புறக்கணிக்கப்பட்டதை உத்சா பட்நாயக் தொடர்ந்து அம்பலப்படுத்தினார். 2011இல் நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என உச்சநீதிமன்றத்தில் திட்டக்குழு கூறியபோது நாடே அதிர்ந்தது.

அடுத்தது, கேள்வியின் கால அளவு. உணவுச் செலவை 30 நாட்களுக்குக் கேட்பதா, 7 நாட்களுக்குக் கேட்பதா? 1990களில் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு இரு விதமான கேள்வித்தாள்களையும் சோதித்தது. கால அளவு மாறியதும் பதிவான நுகர்வு கூடியது. வறுமை ஏறத்தாழப் பாதியாகியது. ஏழையின் உலையில் ஒரு பிடி அரிசிகூடக் கூடவில்லை! 1999-2000 ஆய்வில் இரு கால அளவுகளும் ஒரே கேள்வித்தாளில் கலக்கப்பட்டன. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆகச் சரிந்ததாக அறிவிக்கப்பட்டது; தாராளமயத்தின் சாதனை எனக் கொண்டாடப்பட்டது.

மோடி அரசு ஒருபடி மேலே சென்றது. 2017-18 நுகர்வு ஆய்வை, தரம் சரியில்லை எனக் கூறி வெளியிடாமல் முடக்கியது. 2022-23 ஆய்வில் ஒரே முறைக்குப் பதிலாக மூன்று முறை வீட்டுக்குச் சென்று மூன்று கேள்வித்தாள்களில் விவரம் பெறப்பட்டது. முறையை மேம்படுத்துவது குற்றமல்ல. ஆனால், படியை மாற்றிவிட்டு நெல் கூடிவிட்டதாக முழங்குவது அறிவியலா?

இது வெறும் அறிஞர்களின் விவாதமல்ல. 1997இல் இலக்கு சார்ந்த பொது விநியோகம் திணிக்கப்பட்டபோது, மாநிலங்களுக்கான மலிவு விலைத் தானியத்தை இந்த வறுமைக் கணக்கே தீர்மானித்தது. கணக்கில் விடுபட்டவர் ரேஷன் வரிசையிலும் விடுபட்டார்.

நாமும் விதிவிலக்கல்ல, தோழர்களே. கிராம ஆய்வுக்குச் சென்று, திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆணிடம் மட்டும் கேட்டுத் திரும்பினால், கடைசியாக உண்ணும் பெண்ணின் பசி நம் ஏட்டிலும் ஏறாது. முடக்கிய ஆய்வை வெளியிடு, அனைவருக்கும் பொது விநியோகத்தை உறுதி செய் என்று போராடுவோம். நம் கேள்விகளையும் அடுப்படி வரை கொண்டு செல்வோம்.